தேங்காய் அரைக்காத குழம்பு

திருவொற்றியூர்,
5-1-1953

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

கருப்பட்டி மண்டி வீட்டிலிருந்து தங்கபுஷ்பம் எழுதுவது. நலம் விசாரித்து எழுதுகிற மனசு எனக்கு இப்போது இல்லை. ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தத் தை மாதம் உங்கள் சிநேகிதர் ஆற்றுக்கு வரமாட்டார். ஆள் விட்டுச் சொல்லியனுப்ப வேண்டாம். கடைப்பக்கம் வந்து நின்று ஜாடை காட்டவும் வேண்டாம்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொங்கல் பானையை இறக்கியதும் அவருக்குக் கால் தரையில் பாவாது. பரணில் கிடக்கிற அந்தப் பட்டாளத்துக் கூடாரத்தை இறக்கி வெயிலில் விரிப்பார். ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு இடமாக விரல் விட்டுப் பார்ப்பார். என் சேலை கிழிந்தால் ஏன் என்று கேட்காத மனுஷர், அந்தக் கித்தானைக் கோணி ஊசி வைத்து அவரே உட்கார்ந்து தைப்பார். பிறகு வள்ளூர் அணைக்கு மேலே, மனுஷ வாடையே இல்லாத ஆற்றங்கரையில், உங்களோடு போய் உட்கார்ந்துகொள்வார். என் தங்கச்சி செல்லக்கனி கல்யாணத்துக்கு உடன்குடிக்கு வரச் சொன்னபோது மட்டும் மண்டியை விட்டு ஒரு அடி நகர முடியாது என்றார். ஆற்றுக்கு என்றால் அவர் தம்பி ராமசுப்பு மண்டியைப் பார்த்துக்கொள்வானாம்.

போன வருஷம் திரும்பி வந்தபோது காதெல்லாம் மணல், முதுகெல்லாம் கொசுக்கடி. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு. வருஷம் முழுக்க நான் பார்த்துப் பார்த்துச் செய்தும் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. பசியோடு வந்திருக்கிறாரே என்று வஞ்சிரம் வாங்கி, தேங்காயை மையாக அரைத்துக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். "ஏட்டி, எத்திராஜ் தேங்காயே அரைக்காம ஒரு குழம்பு வைப்பான் பாத்துக்கோ. அதுல்லா குழம்பு!" என்றார். அடுப்படிக்குள் போய் அழுதேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் பேசினால் எங்கள் ஊர்ப் பேச்சு. அதுவும் கேட்டதற்கு ஒரு "உம்", கேட்காததற்கு அதுவும் இல்லை. உங்களைப் பார்த்துவிட்டால், "இன்னா மாமு, எங்க போய்கினு கீறே?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம். அவரிடம் இன்னொரு நாக்கு இருக்கிறது, அது உங்களுக்கு மட்டும்தான் என்று தெரிந்தால் ஒரு பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? எனக்கு வயிறு எரிகிறது. வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

அவரை விட்டுவிடுங்கள்.

தங்கபுஷ்பம்

*

ராயபுரம்,
8-1-1953

தங்கச்சிக்கு எத்திராஜ் எழுதுவது.

உன் கடுதாசியைத் துறைமுகத்தில், நான் சுக்கான் பிடிக்கிற லாஞ்சில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் என் சம்சாரம் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு சொல்றது ஞாயம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள். என் வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை.

சுயம்புவை உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அவன் அப்பா ராயபுரத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த நாளிலிருந்து அவன் என் தோஸ்து. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, என் நைனாதான் எங்கள் இரண்டு பேரையும் படகில் ஏற்றிக் கொற்றலை ஆற்றின் மேலே கொண்டுபோனார். அணைக்குக் கீழே உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர். அங்கே பாய்த்துணியைக் கம்பில் கட்டி அதன் கீழே கிடந்தோம். பயந்துகொண்டு போன இடம்தான். பட்டணத்துக்குத் திரும்பலாம் என்று சொன்னபோது இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த இடம் எங்களுடையது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்தக் கூடாரத்தை எடுத்ததும் நாங்கள்தான். நீ அப்போது உடன்குடியில் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்திருப்பாய்.

வயிறு எரிகிறது என்கிறாயே, என் வயிறு எரிகிற கதையைக் கேள். அங்கே போனால் நான்தான் விடிய விடியப் பேசுகிறேன். அவன் உம் கொட்டுகிறான். அவன் பேசுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் நீ வந்துவிடுகிறாய். ஆற்று மீனைப் பிடித்து, புளியும் மிளகாயும் கரைத்து, கல் அடுப்பில் புகையை விழுங்கிக்கொண்டு குழம்பு வைத்துப் போட்டால் ஐயா என்ன சொல்வார் தெரியுமா? "நல்லாத்தான் கீது மாமு. ஆனா தங்கம் தேங்கா அரைச்சு வெக்கும் பாரு! எறக்கசொல்ல சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு மூடி வெச்சுடும். தொறந்தா தெருக்கோடி வரைக்கும் வாசனை வரும்!" ஒரு வருஷம் ஆத்திரத்தில் சட்டியோடு தூக்கி ஆற்றில் வீசினேன். அவன் நீந்திப்போய்ச் சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான்.

வருஷம் பூராவும் அவன் உன்னோடுதான் இருக்கிறான். தை மாதத்தில் நாலு நாள் எனக்கு. அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

எத்திராஜ்

*

திருவொற்றியூர்,
12-1-1953

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நான் உங்கள் தங்கச்சி இல்லை. "நீ" என்று எழுதுகிற பழக்கத்தையும் உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தக் கட்டிவிட்ட கதை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இறக்கும்போது சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போடுவது நான் யாருக்கும் சொன்னது இல்லை. அடுப்படி நடையைத் தாண்டி உள்ளே வராத மனுஷர் அதை எப்போது பார்த்தார்? எனக்குத் தெரியாமல் நின்று பார்த்திருக்கிறார். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்! என்னிடம் உங்கள் குழம்பைப் புகழ்கிறார், உங்களிடம் என் குழம்பைப் புகழ்கிறார். இது என்ன புத்தி என்று எனக்கு விளங்கவில்லை.

என்னைப் புகழ்ந்ததைக் கேட்க நீங்கள் அங்கே இருந்தீர்கள், நான் இல்லை. இப்போது அதற்கும் சேர்த்துத்தான் எரிகிறது.

இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். போய்வரட்டும். நான் தடுத்தேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் குழம்பு வைக்கக் கூடாது. கருவாடு சுட்டுக் கொடுங்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், அது உங்கள் பாடு. குழம்பு மட்டும் கூடாது.

நாம் எழுதிக்கொள்வது அவருக்குத் தெரிய வேண்டாம்.

தங்கபுஷ்பம்

*

ராயபுரம்,
21-1-1953

அம்மணி அவர்களுக்கு,

"நீ" வேண்டாம் என்றீர்கள். சரி, நீங்கள்தான். நீங்கள் கெட்டிக்காரி. கடுதாசியில் "போய்வரட்டும்" என்று எழுதி என் வாயை அடைத்துவிட்டு, வீட்டுக்குள் அவன் காலைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

நேற்று சாயந்திரம் துறைமுக வாசலில் சுயம்பு வந்து நின்றான். "இந்த வாட்டி இல்ல மாமு. தங்கம் வாணாங்குது. ஊர்லேந்து மச்சான் வேற வந்துகீறாரு. கோச்சிக்காதே" என்றான். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சொன்னதும் திரும்பி நடந்துவிட்டான். கூப்பிட்டேன், காதில் விழாத மாதிரி போனான்.

லீவு சொல்லிவிட்டேன். தூண்டிலுக்குப் புது நரம்பு வாங்கிவிட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கன்னியம்மாவிடம் கருவாடு கட்டித் தரச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். லாஞ்சில் மற்றவர்களும், "இன்னா சுக்கானி, ஆத்துக்குப் போவலியா?" என்று பேஜார் பண்ணுகிறார்கள்.

ஜெயித்துவிட்டீர்கள். மச்சானுக்கு நல்லபடியாகத் தேங்காய் அரைத்து ஊற்றுங்கள்.

எத்திராஜ்

*

திருவொற்றியூர்,
22-1-1953

எத்திராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மத்தியானத் தபாலில் வந்தது. இதைச் சாயங்காலத் தபாலில் சேர்க்க ஓட்டமாக எழுதுகிறேன்.

எந்த மச்சான்? என் அண்ணன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் யாரையும் தடுக்கவில்லை. உங்கள் சிநேகிதர் இன்று விடிந்ததும் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். "எண்ணூர் ஸ்டேஷன்ல எத்திராஜ் காத்துக்கிட்டு நிப்பான். திங்கக்கிழமை வந்துருவேன்" என்று சொன்னார். நான்தான் நார்த்தங்காய் ஊறுகாயை வாழையிலையில் கட்டிக் கொடுத்தேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டினேன். நீங்கள் ராயபுரத்தில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள் என்றால், எண்ணூரில் அவருக்காக நின்றது யார்?

கிளம்பும்போது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. திரும்பி வரும்போது வருகிற சிரிப்பு, இந்தத் தடவை போகும்போதே வந்துவிட்டது. நான் அதை உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு இப்போது ஒரே நினைப்புத்தான் வருகிறது. எண்ணூர்ப் பக்கம் அவருக்கு யாராவது இருக்கிறாளா? உங்களுக்குத் தெரிந்திருந்தால் மறைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துச் சொல்லுங்கள்.

இத்தனை நாள் உங்கள் மேல்தான் எரிந்துகொண்டிருந்தேன். அது எவ்வளவு நல்ல எரிச்சல் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

தங்கபுஷ்பம்

*

ராயபுரம்,
23-1-1953

தங்கச்சி,

பெண்ணா? சுயம்புவா? கடையில் பெண்கள் வந்து கருப்பட்டி கேட்டால் தராசைப் பார்த்துப் பதில் சொல்கிறவன் அவன். அழாதே. அது பெண் இல்லை. அது லியோனார்டு.

உனக்கு அவனைத் தெரியாது. துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற குமாஸ்தா. எப்போதும் தலையில் தொப்பி, வாயில் சீட்டி. போன மாதம் ஒரு சீமைத் தூண்டில் வாங்கியிருக்கிறான். சக்கரம் வைத்தது. சுற்றினால் நரம்பு தானாக வந்து சேருகிறது. சுயம்பு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "சோக்கா கீது சார்" என்றான். என் மூங்கில் தூண்டிலை ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறானா? வியாழக்கிழமையிலிருந்து அந்த லியோனார்டு வேலைக்கு வரவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் நைனா காட்டிய இடம் அது. அங்கே அந்தத் தொப்பிக்காரன் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். நினைத்தாலே சோறு இறங்கவில்லை. பெண்ணாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நாளைக் காலை நானும் கன்னியம்மாவும் எண்ணூர் வண்டியில் வருகிறோம். நீ திருவொற்றியூரில் ஏறிக்கொள். ராமசுப்பு கேட்டால் எண்ணூரில் வளைகாப்பு என்று சொல். அங்கே என் மாமன் படகு இருக்கிறது. அணை வரைக்கும் படகு, அப்புறம் நடை. யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம்.

எத்திராஜ்

*

ராயபுரம்,
25-1-1953

தங்கச்சிக்கு,

நேற்றுப் படகில் திரும்பும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனில் இறங்கும்போதும் பேசவில்லை. நான் பேசினால் சண்டையாகிவிடுமோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டதைக் கன்னியம்மா இன்னும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணை மூடினால் அதுதான் நிற்கிறது. கோரையை விலக்கிப் பார்த்தோமே, பெண்ணும் இல்லை, தொப்பியும் இல்லை. ஒரு கூடாரம், ஒரு தட்டு, காயப்போட்ட ஒரு துண்டு. அடுப்பில் வெறும் கஞ்சி. உன் குழம்பும் இல்லை, என் குழம்பும் இல்லை. நீ கட்டிக்கொடுத்த ஊறுகாய் பிரிக்காமல் கூடாரக் கயிற்றில் தொங்கியது. போன வருஷம் நான் கொடுத்த தூண்டிலை அவன் எடுத்தே வரவில்லை. இத்தனை நாள் நாம் இரண்டு பேரும் எதற்கு அடித்துக்கொண்டோம்?

அப்புறம் அந்தப் பாட்டு. முழங்கால் தண்ணீரில் நின்று தட்டைக் கழுவிக்கொண்டே பாடினானே! நம்ம சுயம்பு! சினிமாப் பாட்டும் இல்லை, கோயில் பாட்டும் இல்லை, அதில் வார்த்தையே இல்லை. உங்கள் ஊர்ப் பேச்சும் இல்லை, எங்கள் பேச்சும் இல்லை. சின்ன வயசிலிருந்து கூடவே கிடந்திருக்கிறேன். எனக்கு முன்னால் அவன் ஒரு நாள் முணுமுணுத்ததுகூட இல்லை. உனக்கு முன்னால் பாடியிருக்கிறானா? இல்லை என்று உன் முகமே சொன்னது. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். பொய் சொல்ல மாட்டேன்.

"டேய் சுயம்பு!" என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். நீ கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிடாதீங்க. கூப்பிட்டா நிறுத்திருவாக" என்றாய்.

வீட்டுக்கு வந்து, என்னை ஏன் ஒதுக்கினான், நான் என்ன குறை வைத்தேன் என்று புலம்பினேன். கன்னியம்மா சொன்னாள்: "மண்டில நாள் பூரா வர்றவங்கிட்டல்லாம் பேசணும். வூட்டுக்குப் போனா அந்தப் பொண்ணு பேசும். ஆத்துக்குப் போனா நீ பேசுவே. அந்த ஆளு எங்கதான் போவாரு?" எனக்குச் சுருக்கென்றது.

லியோனார்டுக்குக் காய்ச்சலாம். இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். பாவம், போர்த்திக்கொண்டு கிடக்கிறான். அவனாக இருந்திருந்தால் நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். இப்போது நான் யாரை அடிப்பது? ஆற்றையா?

நாளை அவன் வருவான். வந்ததும் உண்மையைச் சொல்லிக் கேட்கப்போகிறாயா? கேட்டால் எனக்கும் சேர்த்துக் கேள்.

எத்திராஜ்

*

திருவொற்றியூர்,
28-1-1953

எத்திராஜ் அண்ணாச்சிக்கு,

நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். காதில் மணல், முதுகில் கொசுக்கடி, முகத்தில் அதே சிரிப்பு. கேட்க வேண்டியதையெல்லாம் நெஞ்சில் அடுக்கி வைத்திருந்தேன். என்னோடு இருக்கிறபோது வராத பாட்டு அங்கே எப்படி வந்தது, அதுதான் முதல் கேள்வி. கால் கழுவத் தண்ணீர் கொடுக்கும்போது வாயில் வேறு வந்துவிட்டது. "அண்ணாச்சி சௌக்கியமா?" என்று கேட்டேன்.

"அவனுக்கென்ன! ராவும் பகலும் ஓயாத பேச்சு" என்றார். குழம்பு வைத்தார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வச்சான். ஆனா இந்தத் தடவை உப்பைக் கூட்டிட்டான். அவனுக்குக் கை தவறிட்டு" என்றார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். நீங்கள் சேற்றில் வழுக்கி விழுந்தீர்களாம். பெரிய விரால் ஒன்று மாட்டி, கரைக்கு வருகிற நேரத்தில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். நீங்கள் அதைத் திட்டிய திட்டை அப்படியே உங்கள் குரலில் நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் இன்னும் சொன்னார். சோறு ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னோடு இவ்வளவு பேசியதில்லை அண்ணாச்சி. அத்தனையும் பொய். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

அவரைத் தனியே விட வேண்டும் என்கிற பெருந்தன்மை எனக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இன்னும் எரிகிறது. அந்தப் பாட்டை எனக்கென்று ஒரு தடவை பாடுவாரானால் இந்தக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன். ஆனால் கேட்டால் நின்றுவிடும். அன்றைக்குக் கோரைக்குப் பின்னால் நின்றபோது என் நெஞ்சுக்கு அது மட்டும் தெரிந்தது. அடுத்த தைக்கு அந்தக் கூடாரத்தை நானே பரணிலிருந்து இறக்கி வெயிலில் போடுவதாக இருக்கிறேன். உங்களுக்கு ஆற்றுக்குப் போக ஆசையாக இருந்தால் மாசியில் போங்கள். கன்னியம்மா மதினியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் உம் கொட்டுங்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மதினியும் எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள். நான் முறையாக அழைக்கிறேன். இலை போட்டதும் அவர் முன்னாலேயே நான் கேட்பேன்: "ஏன் அண்ணாச்சி, இந்தத் தடவை குழம்புல உப்பைக் கூட்டிட்டீகளாமே?" அவர் முகம் வெளுத்துப்போகும். நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்காதீர்கள். "ஆமா தங்கச்சி, கை தவறிப்போச்சு" என்று சொல்லிவிடுங்கள். சிநேகிதன் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டான் என்று அவர் நினைத்துக்கொள்வார். சாகிற வரைக்கும் மறக்க மாட்டார். அந்தப் பெயர் உங்களுக்கே போகட்டும். அதை உங்களுக்கு விட்டுக்கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் கொடுக்கிறேன்.

சேற்றில் விழுந்தீர்கள். விரால் அறுத்துக்கொண்டு போனது. உப்பு கூடிப்போனது. வரும்போது மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
தங்கபுஷ்பம்